கெட்ட மிளகுப் பை

ராத்தாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகம் அல்ல, இரண்டு பச்சை விளக்குகள். ஜெர்மனியில், நம்மூர் பஸ் நிலையம் பத்தை உள்ளே வைத்துப் பூட்டலாம் போன்ற ஒரு கண்காட்சி மண்டபத்தில், 'இலங்கை' என்று எழுதிய பலகைக்குக் கீழே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மேசையில் மாத்தளையில் செய்த எங்கள் இயந்திரம். அதன் முன்னால் இரண்டு தட்டுகளில் மிளகு. ஒன்று நல்ல மிளகு, அதற்குப் பச்சை விளக்கு எரிய வேண்டும். மற்றது வேண்டுமென்றே கொண்டுபோன கெட்ட மிளகு, அதற்குச் சிவப்பு எரிய வேண்டும். இரண்டுக்கும் பச்சைதான் எரிந்தது. அந்த நேரத்தில் ராத்தா மாத்தளையில், எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

ராத்தா என் கூடப்பிறந்தவர் அல்ல. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்போம். எங்கள் கொம்பனியில் எல்லாரையும்விட மூத்த பெண் அவர் என்பதால் எல்லாருக்கும் ராத்தா ஆகிவிட்டார். கொம்பனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மாத்தளை டவுனில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, அதற்குள் ஆறு பேர். கடையும் மாடியும் கொம்பனியும் நானாவுக்குச் சொந்தம். நானா என் பெரியும்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை. ஆணியும் தகரமும் விற்றுக் கொண்டிருந்த மனுஷனுக்கு, மிளகைப் படம் பிடித்துப் பார்த்து அதன் தரத்தைச் சொல்லும் ஓர் இயந்திரம் செய்யவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. வந்துவிட்டது. பேராதனையில் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டு வந்து கணினிக்கு முன்னால் உட்காரவைத்தார்.

இப்படியான இயந்திரத்துக்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது நல்லது, இது பூஞ்சணம் பிடித்தது, இது உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு என்று ஒவ்வொரு மணியாகச் சுட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு நிரல் எழுதத் தெரியுமே தவிர, ஒரு கெட்ட மிளகை நல்ல மிளகிலிருந்து பிரிக்கத் தெரியாது. மிளகு விளையும் பலாபத்வலையில் பிறந்து வளர்ந்தவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். அதற்காகத்தான் நானா பல்லேபொலையில் இருந்து ராத்தாவைக் கூட்டிவந்தார். இருபது வருடத்துக்கு மேலாக மிளகு வியாபாரிகளின் ஸ்டோர்களில் மிளகு புடைக்கும் சுளகும் கையுமாக இருந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. முதல் நாள் மவுஸைக் கையில் கொடுத்தபோது, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தார். மூன்றாம் மாதம் அவருடைய வேகத்துக்கு எங்கள் கணினிதான் திணறியது.

ஒருநாள் ஒரு படத்தில் அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, இத எதுல போடுற? இது இன்னும் கெடல்ல. கெடப் போகுது" என்றார். நான் உற்று உற்றுப் பார்த்தேன். மற்ற மணிகளைப் போலவே சுருங்கிய தோல், அதே கறுப்பு. அப்படி ஒரு வகை எங்கள் பட்டியலில் இல்லை என்றேன். "அப்ப போட்டுக்கங்க" என்றார், கடைக்காரனிடம் இன்னொரு பொட்டலம் கேட்பதுபோல. சந்தேகத்தோடுதான் நான்காவதாக ஒரு வகையைச் சேர்த்தேன். அவர் அப்படிக் குறித்த மணிகளைத் தனியே ஒரு போத்தலில் போட்டு அலுமாரிக்குள் வைத்தோம். சில வாரம் கழித்துத் திறந்தபோது முக்கால்வாசியில் வெள்ளை பூத்திருந்தது. எங்கள் இயந்திரத்தில் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது என்றால், அது அந்த நான்காவது வகைதான்.

நாட்டின் தொழில்நுட்பத் துறையை உலகத்துக்குக் காட்டப் போகிறோம் என்று அரசாங்கம் அந்த வருடம் சில கொம்பனிகளைச் சேர்த்து ஜெர்மனிக்கு அனுப்பியது. மற்ற எல்லாரும் கொழும்புக்காரர்கள். மாத்தளையில் இருந்து நாங்கள் மட்டும், நானாவும் நானும். போவதற்கு முன் நானா எங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார். "இந்தப் பயணத்துல மெசினுக்கு ஒரு ஓடராவது கெடைக்கணும். கெடைக்காட்டி வருசக் கடைசியோட மாடியப் பூட்டுறதுதான். கடையால இதுக்கு மேல தாங்க ஏலாது." மாதிரிப் பைகளைக் கட்டும் பொறுப்பை ராத்தாவிடம் கொடுத்தோம். ஒரு பை நல்லது, ஒரு பை பூஞ்சணமும் பொக்குமாகக் கெட்டது என்று நானே சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டு பைகளையும் எழுதி ஒட்டி, கட்டி, பெட்டிக்குள் வைத்தவரும் அவர்தான்.

இலங்கை அரங்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் சுவர் முழுக்கச் சிகிரியா. முன்னால் வங்கிக்கு மென்பொருள் செய்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்பவர்கள், கோட்டும் டையுமாக. ஒரு மூலையில், வருபவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தேயிலைக்காரர் ஒருவர் வைத்த டீ மேசை. வந்தவர்களில் பாதிப்பேர் நேரே அங்கேதான் போனார்கள். எங்கள் நாட்டில் கணினியும் இருக்கிறது என்று சொல்ல அத்தனை பேர் அத்தனை தூரம் போயிருந்தோம். அவர்களோ டீயை வாங்கிக் குடித்துவிட்டு, அருமை என்று சிரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, தேயிலை மலையில் யானை வருமா என்று கேட்டார். வராது என்றேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அப்படி டீ குடிக்க வந்த ஓர் அம்மாதான் முதல் நாள் எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த குட்டை முடி. வாசனைத் திரவியங்களை இறக்குமதி செய்யும் கொம்பனி ஒன்றில் தரம் பார்ப்பவர். அன்று எங்கள் இயந்திரத்துக்கு ஏற்ற பிளக் கிடைக்காததால் வீடியோவை மட்டும் காட்டினேன். அந்த நான்காவது வகையைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். கெடப்போவதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையோடு ராத்தாவைப் பற்றிச் சொன்னேன். இருபது வருட அனுபவம், அவருடைய கண்தான் இதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது என்று அளந்தேன். அளந்தேன் என்கிறேனே தவிர அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நாளைக்குத் தன் ஆட்களோடு வருவதாகவும், கெட்ட மிளகை வைத்துச் சோதித்துக் காட்டும்படியும் சொல்லிவிட்டுப் போனார். நானா அன்று ஹோட்டலுக்குத் திரும்பும் வழியெல்லாம் நபிகள் மேல் சலவாத்து ஓதிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அந்த அம்மா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல பையைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன், பச்சை. கெட்ட பையைப் பிரித்துக் கொட்டினேன், பச்சை. இயந்திரத்தை நிறுத்தி மறுபடி போட்டேன். பச்சை. தட்டில் கையை விட்டு அளைந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பூஞ்சணம் இல்லை, பொக்கு இல்லை, ஒரு காம்புத் துண்டுகூட இல்லை. ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்த மிளகு. இது யாருடைய கை என்று கேட்கவே தேவையில்லை. வந்திருந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். எதைப் போட்டாலும் பச்சை எரியும்படி செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். நானா என்னைப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கலாம். நான் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "ஊரில் ஒரு வேலைக்காரி செய்த பிழை. படிக்காத கிராமத்துப் பெண். அவளுக்கு இதெல்லாம் விளங்காது."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நேற்று நீங்கள் சொன்ன அதே பெண்ணா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. "விளங்காத ஒருவரிடமா உங்கள் இயந்திரம் படித்தது?" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. நானாவுக்குக் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

அன்று பகலே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். கெட்ட பையைத் தொட்டீர்களா என்று கேட்டேன்.

"தொடாம எப்பிடித் தம்பி அனுப்புற? அத்தன பூஞ்சணம்! சீமைல போய் நம்ம ஊரு மொளகுன்னு அதயா விரிச்சு வெக்கிறது? நமக்கு வெக்கமில்லையா?"

"கெட்டதக் காட்டத்தானே ராத்தா கேட்டேன்."

"கேட்டீங்க. நானும் மொதல்ல கெட்டதத்தான் போட்டேன். கட்டப்போற நேரம் மனசு கேக்கல. சுளகுல கொட்டி ஒரே ஒரு தடவ பொறுக்கினேன். பொறகு இன்னொரு தடவ." அதே மூச்சில் கேட்டார், "ஏன் தம்பி, யாராவது கொற சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் நீடிக்கவில்லை. நோன்பு காலத்தில் அடுத்த வீட்டுக்கு அனுப்பும் தட்டில் நசுங்கிய பேரீச்சம்பழம் ஒன்று கிடந்தால், உம்மா அதை எடுத்து எங்களுக்குத் தந்துவிட்டு நல்லதை வைப்பார். வாசலைத் தாண்டிப் போகிற எதையும் பொறுக்காமல் அனுப்புகிற வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், கெட்டதாகப் பார்த்துக் கட்டு என்று சொன்ன நான்தான் மடையன். ஒரு நிமிடம் உட்கார்ந்து, ஏன் எதற்கு என்று விளக்கியிருந்தால் போதும். அவருக்கு விளங்காதது என்று எதையும் நான் அதுவரை கண்டதில்லை.

ஓடர் கிடைக்கவில்லை. வருடக் கடைசியில் நானா மாடியைப் பூட்டினார். எப்படியும் பூட்டவேண்டி வந்திருக்கலாம். அந்த அம்மா வாங்கியிருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கெட்ட பையை மன்னித்தாலும் என் பேச்சை அவர் மன்னித்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நானாவுக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. விஷயம் எப்படியோ ராத்தாவின் காதுக்குப் பாதியாகப் போய்ச் சேர்ந்தது: மிளகைப் பொறுக்கியதால் இயந்திரம் தோற்றது, அதனால் ஓடர் போனது. மீதிப் பாதியை நான் சொல்லவில்லை. கடைசி நாள் அவர் மேசையைத் துடைத்து, மவுஸைச் சீலைத்துண்டில் சுற்றி வைத்துவிட்டு, "என் கையாலதான் எல்லாம் போச்சு" என்றபோதும், அப்படியில்லை ராத்தா என்று வாயளவில் சொன்னேனே தவிர, பின்னே எப்படி என்று சொல்லவில்லை.

இப்போது நான் பலாபத்வலையில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். மூன்று வருடமாகிறது. அந்தப் பாரம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பஸ் ஏறிப் பல்லேபொலைக்குப் போனேன். ராத்தா மகளோடு இருக்கிறார், பழையபடி ஸ்டோரில் மிளகு பொறுக்கப் போகிறார். டீ கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷில் சொன்ன அந்த வார்த்தைகளையும் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன்.

"அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அதையும் சொன்னேன். ராத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்களேன், அவங்களுக்கு வெளங்கிருக்கு" என்று உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்து வந்தவன் நான். அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டு டீயை எடுத்தேன்.

அவர் எனக்கு முன்னால் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தார். பிறகு ஊர்ச் செய்தி சொல்வது மாதிரி, அதே குரலில் சொன்னார்.

"ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் ஒங்க அஞ்சு பேரு பேரையும் சொல்லித்தான் தம்பி துஆ கேக்குறேன். என்னால இவங்க பொழப்பு போயிருச்சு, எனக்கு மாப்புக் குடு, மன்னிச்சிரு ரப்பேன்னு. மூணு வருசமா. ஒங்க பேரத்தான் மொதல்ல சொல்லுவேன்."