கிரைண்டரில் சொருகிய தீக்குச்சி

பட்டினப்பாக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிரைண்டரின் பிளக் உடைந்ததும், ஒயர்களை நேராகப் பிளக் பாயிண்டில் விட்டு, கழன்றுவிடாமல் இரண்டு தீக்குச்சிகளைச் சொருகினேன். எங்கள் பக்கம் பலரும் செய்வதுதான். அந்த வாரத்திலிருந்து இன்டர்நெட் அடிக்கடி அறுந்தது. கம்பெனிக்காரர்களைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அன்று மகளுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நெட்டு பூட்ச்சி!" என்று அலறினாள். மோடத்தில் சிவப்பு விளக்கு. என் புகாருக்காக அப்போதுதான் படியேறி வந்த இன்டர்நெட் கம்பெனி லைன்மேனிடம் சண்டைக்குப் போனேன்.

"அக்கா, மொதல்ல கிரைண்டர நிறுத்து" என்றார். நிறுத்தினேன், பச்சை. போட்டேன், மறுபடியும் சிவப்பு.

"எங்கியோ ஸ்பார்க் அடிக்குது. அது லைனைக் கெடுத்துக்கினு கீது" என்றபடி சுவிட்ச் போர்டைக் குனிந்து பார்த்தவர், ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

"இன்னாக்கா, நெருப்புக்குச்சியா சொருவி வெச்சிக்கீறே?"

பிளக் பாயிண்ட் உருகியிருந்தது. ஒரு குச்சி உள்ளிருந்து கருகிக்கொண்டே வந்து, மருந்து முனைக்கு நூலிழை தூரத்தில் நின்றிருந்தது. விடியற்காலையில் நான் மாவு அரைக்கும்போது மகள் தூங்குவது அந்த போர்டுக்குக் கீழேதான்.

மகள் என் போனில் இன்டர்வியூவை முடித்தாள். அன்றே புது பிளக் போட்டேன். இப்போது நெட் போனால் யாரையும் திட்டுவதில்லை. முதலில் மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்காக மோந்து பார்க்கிறேன்.