சாதாழைக் கவிஞர்

நீங்கள் எப்போதாவது ஒரு கவிதையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியிருக்கிறீர்களா? நான் ஏறியிருக்கிறேன். இருபது கிலோவுக்குக் குறையாது. நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு பக்கமும் கைபிடி, அதில் ஒன்று பாதி உடைந்தது. அடியில் கடல்தண்ணீர் தளும்பும், மேலே கறுத்த பச்சையில் வழுவழுவென்று கடற்களை குவிந்து கிடக்கும். அந்த மணம் என் ஜாக்கெட்டை விட்டுப் போக இரண்டு கிழமை எடுத்தது. டீ-பானே சுரங்க ரயிலில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்ததும் அந்த இரண்டு கிழமைதான். இலக்கியம் படிக்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குப் போன ஒருத்திக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவைதான். அந்தத் தொட்டியைத் தூக்கியிராவிட்டால் என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் ஓர் அழகான பொய்யாகவே போயிருக்கும்.

அந்தக் கவிஞரை எங்கள் வீட்டில் யாரும் கவிஞர் என்று சொன்னதில்லை. அவர் 'ஐரிஷ்'. அவ்வளவுதான். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பார்சல் பிரிக்கும் கூடத்தில் அப்பாவும் அவரும் பதினொரு வருடம் ஒரே பெல்ட்டில் எதிரும் புதிருமாக நின்று பெட்டி தூக்கியவர்கள். ஒரு நோர்வீஜியப் பெண்ணைக் காதலித்து இந்த நாட்டுக்கு வந்தாராம். அந்தப் பெண் கொஞ்ச நாளில் வேறொருவரோடு துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டார். இவர் பெல்ட்டோடு நின்றுவிட்டார். இடைவேளையில் அப்பாவின் பிளாஸ்கில் இருந்து பிளேன் டீ, அவருடைய பையில் இருந்து கறுத்த பாண். கதைத்தது நோர்வீஜிய மொழியில். இரண்டு பேருக்கும் அந்த மொழி வாடகை வீடு மாதிரி. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் கூச்சப்படுவார்கள். அதனால் காலநிலை, முதுகுவலி, மேலாளரின் புதிய மீசை என்று கதை சுருக்கமாக ஓடியது. பதினொரு வருடத்தில் ஊர்க் கதை மட்டும் வரவேயில்லை. அப்பாவுக்கு ஐரிஷ் ஒரு தீவில் பிறந்தவர் என்று தெரியாது. ஐரிஷுக்கு அப்பாவும் ஒரு தீவான், நெடுந்தீவான் என்று தெரியாது.

அவர் கவிதை எழுதுகிறவர் என்பதே அப்பாவுக்குப் பத்தாவது வருடம்தான் தெரிந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் வைத்தார்.

"இந்தா பிள்ளை, ஐரிஷ் எழுதின புத்தகமாம். நீ உந்தக் கவிதை கத்தரிக்காய்தானே படிக்கிறாய். பார்."

மெல்லிய ஆங்கிலப் புத்தகம். குரோருட்டில் ரயில் ஏறித் திறந்தேன். பல்கலைக்கழகத்தில் இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். வரிகள் அவ்வளவு குறுகியவை. ஒரு வரியில் மூன்று சொல், இன்னொன்றில் ஒரே ஒரு சொல். பக்கம் முழுவதும் வெள்ளை. கல், உப்பு, கடற்களை, கூடை, ஒரு தாயின் முதுகு, திரும்பவும் கடற்களை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. அதைவிட முக்கியமான விசயம், தேடிப் பார்த்தபோது இந்த மனிதரைப் பற்றி யாரும் ஒரு வரிகூட ஆராய்ச்சி செய்திருக்கவில்லை. போட்டிக்கு ஆளில்லை. மாஸ்டர் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது: ஓர் ஐரிஷ் கவிஞரின் வாழ்வும் பிறந்த மண்ணும் அவருடைய கவிதையை எப்படி வடிவமைக்கின்றன. அவரிடமே போய்க் கேட்கலாமே என்று அம்மா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதியவரிடம் அர்த்தம் கேட்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற வேலை, கவிதை அச்சாகிய பிறகு எழுதியவருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அம்மாவுக்கு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். அம்மா அதற்குள் ஒரு கிலோ வெங்காயம் உரித்துவிட்டார்.

நடு அத்தியாயம்தான் என் பெருமை. அந்தக் கடற்களை, கடலில் மாண்டவர்களின் கூந்தல் என்று எழுதினேன். பஞ்சத்திலும் புயலிலும் கப்பலேறிப் போனவர்கள் திரும்பவும் கரையொதுங்குகிறார்கள். தாய் அவர்களைக் கூடையில் அள்ளிச் சுமக்கிறாள். அந்தக் குறுகிய வரிகளோ, தன் மொழியைத் தொலைத்து அந்நிய ஊரில் வாழ்கிற ஒருவனின் உடைந்த நாக்கு. முப்பத்தொரு பக்கம். என் வழிகாட்டியான பேராசிரியை ஓரத்தில் 'மிகப் பலம்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். இப்படியே போனால் ஏ தரம் நிச்சயம் என்றார். அதற்கு மேல் எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

ஒப்படைக்க மூன்று கிழமை இருக்கும்போது, ஐரிஷ் ஓய்வு பெறப்போகிறார் என்று அப்பா அவரை ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். உயரமான மனிதர், இடது தோள் வலதைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். நண்டுக் குழம்பை முழங்கை வரை வழியவிட்டு, ஒரு குற்றவுணர்ச்சியும் இல்லாமல் சாப்பிட்டார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. நான் விடுவேனா? கை கழுவி வந்து உட்கார்ந்தவரிடம் என் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். மாண்டவர்களின் கூந்தல், உடைந்த நாக்கு, எல்லாம். அவர் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அளவு மரியாதையைக் கண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்பா நடுவில் கேட்டார்: "என்ன பிள்ளை அது, கூந்தல் கூந்தல் எண்டுறாய்?"

"கடலுக்குள்ள வளருற களை அப்பா. கரையில ஒதுங்கும். கறுப்பா, நீட்டு நீட்டா."

"சாதாழையோ?"

"தெரியேல்லை. இருக்கலாம்."

"அதைக் கூடையில அள்ளிக்கொண்டு போறாவோ அந்தத் தாய்?"

"ஓம்."

"பசளைக்கு," என்றார் அப்பா. கவிதைக்கு ஒரே சொல்லில் பொழிப்புரை முடிந்தது.

கவிஞர் என்னைப் பார்த்தார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சொல்ல விரும்பவில்லை. அப்பாவே நோர்வீஜிய மொழியில் சொன்னார்: நிலத்துக்குப் போடுகிற சாப்பாடு, எங்கள் தீவிலும் அதுதான், வெறும் முருகைக்கல், மண் கிடையாது, கடற்கரையில் இருந்து சாதாழை அள்ளி வந்து போட்டால்தான் எதுவும் முளைக்கும். கவிஞர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். பதினொரு வருடமாக எதிரில் நின்ற மனிதரை முதல்தடவை பார்ப்பவர் மாதிரி ஒரு பார்வை. பிறகு இரண்டு மணித்தியாலம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பசளை மட்டும்தான் பேசப்பட்டது. மாரிப் புயலுக்குப் பிறகுதான் நல்ல களை ஒதுங்கும் என்றார் கவிஞர். காய வைக்காமல் போட்டால் உப்பு வேரைத் தின்றுவிடும் என்றார் அப்பா. பாறைமேல் ஓர் அடுக்கு மணல், ஓர் அடுக்குக் களை, திரும்ப மணல் என்று, தன் பாட்டன் ஒரு பட்மின்டன் கோர்ட் அளவு நிலத்தை இருபது வருடமாக உண்டாக்கியதைக் கவிஞர் எங்கள் கோப்பைகளையும் பிஸ்கட்டையும் வைத்துக் காட்டினார். ஏழு வயதில் இருந்து தாய்க்குப் பின்னால் கூடை சுமந்ததில் தோள் இறங்கிவிட்டதாம்.

"பாவம்," என்றார் அம்மா.

"என்ன பாவம்? நானும்தான் சுமந்தனான்," என்றார் அப்பா. "அந்த நாத்தத்துக்குப் பயந்துதான் ஊரை விட்டு ஓடினனான். சண்டை பிறகுதான் வந்தது."

இதைக் கவிஞருக்கு மொழிபெயர்த்தபோது அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தானும் அதே நாற்றத்துக்குத்தான் ஓடியதாகவும், காதல் பிறகு வந்த சாட்டு என்றும் சொன்னார். இரண்டு பேருக்கும் ஊரைப் பற்றி ஓர் ஏக்கமும் இல்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. என் அத்தியாயம் முழுவதும் ஏக்கம்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், அவருடைய ஆங்கிலத்தை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: "நீ எழுதினதை மாத்தாதை. கூந்தல் நல்ல யோசனை. எனக்கு வந்திருந்தா நானே எழுதியிருப்பன்."

இப்போது சிக்கலைப் பாருங்கள். மாற்றாதே என்கிறார் கவிஞர். பேராசிரியையும் அதையே சொன்னார்: இலக்கியத்துக்கு எழுதியவரின் வாக்குமூலம் தேவையில்லை, இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது, கலைத்தால் ஏ கையை விட்டுப் போகும். கருத்தரங்குகளில் மேசையில் தட்டித் தட்டி நானே சொன்ன வாதம் அது. எல்லா நியாயமும் என் பக்கம். ஆனால் முப்பத்தொரு பக்கத்தையும் திறந்தால், ஒவ்வொரு கூந்தலிலும் பசளை மணந்தது. இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து மூடினேன். அம்மாதான் கேட்டார்.

"பசளை எண்டா பசளை எண்டு எழுதன். அதுக்கு ஏன் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரியுறாய்?"

"பசளை எண்டு எழுதினா அதில என்னம்மா கவிதை இருக்கு?"

"எனக்கென்ன தெரியும். நீதானே படிச்சனி."

அந்தச் சனிக்கிழமை அப்பா வேறு ஒரு திட்டத்தோடு எழுந்தார். எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்னத் தோட்டத்துண்டு இருக்கிறது; போன வருடம் அதில் உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில்தான் வந்தது. சாதாழை போட்டுப் பார்க்கப் போகிறாராம். கவிஞரையும் வழியில் ஏற்றிக்கொண்டு, நகரத்துக்குத் தெற்கே ஃபியோர்ட் கடற்கரைக்குப் போனோம். தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் குளிர். கவிஞருக்கு முழங்கால் சரியில்லாததால் அவர் தண்ணீர் ஓரத்தில் நின்று நிரப்ப, அப்பாவும் நானும் ஆளுக்கொரு தொட்டியைக் கார் நிற்கிற இடம் வரை சுமப்பது என்று முடிவானது. கரைக்கும் காருக்கும் நடுவில் செங்குத்தான ஒரு மண்பாதை, மூன்று வளைவு.

முதல் நடையில் திட்டிக்கொண்டே ஏறினேன். இரண்டாம் நடையில் திட்டு முடிந்துவிட்டது. கோபம் மட்டும் மிச்சம். அந்தக் கோபத்தில், உடைந்த நாக்கு என்று நான் எழுதியது சரிதான் என்று எனக்கு நானே நிரூபிக்க, அவருடைய கவிதையை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். மனப்பாடம்தானே. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

கூடை.
இன்னும் ஈரம்.
இன்னும் ஒரு வளைவு.
அம்மாவின் முதுகு
எனக்கு முன்னால்.

'கூடை' என்றதும் மூச்சு முடிந்தது. இழுத்தேன். 'இன்னும் ஈரம்', முடிந்தது. வளைவில் பாதை கொஞ்சம் தட்டையாகும் இடத்தில் மூன்று சொல்லுக்கு மூச்சு இருந்தது. அங்கே வரியிலும் மூன்று சொல்தான். வளைவு தாண்டித் திரும்பவும் செங்குத்து, திரும்பவும் குறுகல். ஒரு வரியைக்கூட அவர் முறித்த இடத்தைத் தாண்டி என்னால் இழுக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், இருமல்தான் வந்தது. எனக்கு முன்னால் அப்பாவின் முதுகு, ஜாக்கெட்டில் கடல்தண்ணீர் வழிய, ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. நான் தொட்டியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேட்டில் இருந்து கீழே கத்தினேன்.

"இது மூச்சு. உங்கட வரி எல்லாம் மூச்சு."

கீழே இருந்து அவர் களை அள்ளுவதை நிறுத்தாமலே கத்தினார்: "பின்னை என்ன எண்டு நினைச்சனி?"

அவர் பக்கத்தில் போய்க் கல்லில் இருந்தபோது மிச்சத்தைச் சொன்னார். தீவில் இருந்த காலத்தில் ஒரு வரியும் எழுதவில்லையாம். அங்கே அது வேலை, யாராவது வேலையை எழுதுவார்களா? ஒஸ்லோவில் பெல்ட் முன்னால் நின்று பெட்டி தூக்கத் தொடங்கிய மூன்றாவது மாதம், தோளில் அதே வலி, நெஞ்சில் அதே இழுப்பு. அந்த இழுப்போடு சொற்கள் வந்தன, பழைய அளவிலேயே. தாயின் முதுகும் அப்போதுதான் வந்ததாம். மேலாளர் பார்க்காத நேரம் பார்சல் லேபிளின் பின்பக்கத்தில் எழுதுவாராம்.

"ஓமடா," என்றார் மேலே இருந்து இறங்கி வந்த அப்பா, விசயம் விளங்கியதும் வியப்போடு. "நான் இவன் பிழையான விலாசம் குறிக்கிறான் எண்டல்லோ இவ்வளவு காலமும் நினைச்சனான்."

அன்று ஏழு நடை ஏறினேன். மூன்றாவதில் இருந்து ஒவ்வொரு நடைக்கும் ஒரு கவிதை. இரண்டு கவிதைகள் மேட்டுக்குப் பொருந்தவில்லை. அவை இறங்கும்போது சொல்ல வேண்டியவை என்று நான்காவது நடையில் கண்டுபிடித்தேன். வெறுங்கூடையோடு இறங்கும்போது வரி நீளும், பகிடிகூட வரும். அவர் கவிதையில் பகிடி இருக்கிறது என்பதே முப்பத்தொரு பக்கம் எழுதிய எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு கவிதையில் தாய் பாதிரியாருக்கு வைத்த பட்டப்பெயர் வருகிறது. அதை நான் 'துயரப் படிமம்' என்று எழுதியிருந்தேன். கவிஞரிடம் அதைச் சொன்னபோது கல்லில் இருந்து விழப்பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அத்தியாயத்தை அழித்தேன். முழுவதும். சேமிப்பில் ஒரு பிரதிகூட வைக்கவில்லை, வைத்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று தெரியும். கவிஞர் சொன்னதால் மாற்றியதாக இருந்தால் பேராசிரியைக்கு முன்னால் தலைகுனிந்திருப்பேன். என் நுரையீரல் சொன்னதை மறுக்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. பேராசிரியை என் புதிய பக்கங்களை வாசித்துவிட்டு, மூச்சுக்கு மேற்கோள் நூல் எங்கே என்று கேட்டார். தொட்டி என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோட்பாட்டுப் பகுதி மெலிந்துவிட்டது, நேரம் இல்லை, இப்படிக் கொடுத்தால் உன் பொறுப்பு என்றார். என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். இதற்கிடையில் அப்பாவின் தோட்டத்து மணம் பற்றி எங்கள் படிக்கட்டில் யாரோ ஒரு கடிதம் ஒட்டினார்கள், மிகவும் நாகரிகமான நோர்வீஜிய மொழியில். அப்பா அதன் கீழே 'இது நிலத்துக்கு மருந்து' என்று எழுதி வைத்தார். நான் கடைசி நாள், நேரம் முடியப் பதினான்கு நிமிடம் இருக்கும்போது ஆய்வேட்டை ஏற்றினேன்.

கவிஞர் ஜூன் தொடக்கத்தில் தன் தீவுக்கே போய்விட்டார். வழியனுப்பப் போனபோது, என் புதிய அத்தியாயத்தை வாசித்துவிட்டதாகச் சொன்னார். எதுவும் விமர்சிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருந்தார். தாயின் முதுகைப் பற்றி எழுதிய பக்கம். அப்பாவின் கையைப் பிடித்து, பதினொரு வருடமாகப் படித்த ஒரே தமிழை எடுத்துவிட்டார்: "போட்டு வாறன் மச்சான்." அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து மூக்கைச் சிந்த வேண்டி வந்தது.

ஏ நிச்சயம் என்று சொன்ன ஆய்வேட்டுக்கு இன்று காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. சி. குசினியில் அம்மா பாயாசம் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.