முன்தண்டுக்கு ஆகாத முகம்

அம்மை ஒரு ஆளுக்கு இரண்டு தடவை வராது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் சிலுவைதாசனுக்கு அம்மை கண்டிருக்கிறது என்று கேட்டதும் மரியஜான் முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிலுவைதாசன் அவர் தோப்பில் தேங்காய் உரிப்பவன். மார்த்தாண்டம் பக்கமிருந்து இந்த ஊரில் பெண் கட்டி வந்தவன். முகமெல்லாம் குழிகுழியாகத் தழும்பு. போன வருஷம் கோயிலில் முதன்முதலாகக் கிறிஸ்து ராஜா திருநாள் கொண்டாடினார்கள். சப்பரத்தின் முன்தண்டுக்கு இவன் தோள் கொடுத்தான். சப்பரத்திலிருந்த சொரூபத்தின் தலைக்குப் பித்தளை முடி வாங்கிக் கொடுத்த முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. ராஜா பவனிக்கு முன்னால் அம்மைத்தழும்பு மூஞ்சியா என்று ஊர் கேட்கக் கத்தி, அவனைப் பின்தண்டுக்குத் துரத்தினார். அவன் மறுபேச்சில்லாமல் போனான். இந்த ராஜா சீடர்களின் காலைக் கழுவியவர் என்று சாமியார் அன்று பிரசங்கம் வைத்தார். முதலாளியின் கண் முடியிலேயே இருந்தது.

இந்த ஆடியில் முதலாளிக்கே அம்மை. பெண்டாட்டி பிள்ளைகள் நாகர்கோவிலுக்குப் போய்விட்டார்கள். வேலைக்காரர்கள் அவரைத் தோப்பிலிருந்த ஓலைப் புரையில் கிடத்தி, கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். அம்மை வந்து பிழைத்தவன்தான் அம்மைக்காரனைப் பார்ப்பது வழக்கம். சிலுவைதாசன் தானாக வந்து நின்றான்.

“எனக்கு முந்தியே வந்து போச்சு மொதலாளி. மூஞ்சியப் பாத்தா தெரியலியா?”

சீழ் துடைத்தான், மலம் அள்ளினான், வேப்பிலையால் வீசினான். முதலாளி எழுந்து நடமாடிய வாரம் அவன் படுத்தான்.

முதலாளி கம்பை ஊன்றிக்கொண்டு அவன் குடிசைக்கு ஓடினார். இரண்டாம் தடவை எப்படி வரும் என்று அவன் மனைவி பூங்கனியிடம் கேட்டார்.

“இதுதான் மொதத் தடவ. மூஞ்சில உள்ளது சின்னதுல காளவாசல்ல சுண்ணாம்பு தெறிச்சு வெந்த பாடுல்லா.”

“பின்ன எதுக்கு எங்கிட்ட அப்படிச் சொன்னான்?”

“உள்ளதச் சொன்னா கிட்ட விடுவியளா?”

முதலாளிக்குப் போன வருஷத் திருநாள் ஞாபகம் வந்தது. அத்தனை பேர் முன்னால் ஏசியபோதும், இது சுண்ணாம்பு என்று அவன் வாயைத் திறக்கவில்லையே. முடி வாங்கிக் கொடுத்த கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது அம்மை வந்து பிழைத்தவர் அவர்தான். உள்ளே போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சிலுவைதாசன் அவர் கையால் தண்ணீர் குடித்தான், அன்றைக்கே செத்துப்போனான்.

ஐப்பசியில் திருநாள் வந்தது. முன்தண்டுக்கு முதலாளியை வருந்தி அழைத்தார்கள். அவர் முகமெல்லாம் குழி, இது அசல் அம்மைத்தழும்பு. இந்த மூஞ்சி ஆகாது என ஒருத்தனாவது சொல்லமாட்டானா என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. வெட்கம் தாங்காமல் பின்னால் போய், சிலுவைதாசன் நின்ற இடத்தில் குனிந்து தோள் கொடுத்தார்.