சுவரில் விட்டுப்போன பச்சைப் படம்

அந்தப் படத்தைக் கழற்றத்தான் நேற்றுக் கதிரையில் ஏறினேன். ஏறியவள் கையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். சுவரை அடைத்தபடி கலங்கிய பச்சை நிறம், கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு. படம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

அதை வாங்கியவரை ஊரே போடியாரம்மா என்று அழைத்தது. தாய்வழி வந்த வயல்கள் வட்டை வட்டையாக இருந்தன. அது போதாதென்று செங்கலடியில் அரிசி ஆலையும் வாவிக்கரையில் ஐஸ் ஆலையும் தானே தொடங்கி நடத்தினார். கலியாணம் முடிக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத என்னை ஆலைக் கந்தோரில் வேலைக்கு வைத்து, தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். வியாபாரிகளிடம் படுகறார். படிக்க வசதியில்லாத பிள்ளை வாசலுக்கு வந்தால் மட்டும் ஆள் இளகிவிடுவார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஓவியக் கண்காட்சி வைத்தால், யாரும் திரும்பிப் பார்க்காத படங்களாகத் தேடி வாங்கி வருவார். இந்தப் பச்சைப் படம் வந்தபோது, "இதில என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாததாலதான் புள்ள வாங்கினன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் மகள் கலியாணம் முடித்தால் வீடு மகளுக்கு. பெற்றவர்கள் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிவிடுவார்கள். என் கலியாணத்தை அம்மாதான் முன்னின்று நடத்தினார். நான் வாடகைக்கு வீடு பார்த்து வைத்திருந்தேன். கோயிலில் தாலி கட்டி வந்து பார்த்தால் பெரிய வீட்டுச் சுவர்கள் வெறுமையாகக் கிடந்தன. அம்மா தன் படங்களோடு பின்வீட்டுக்குப் போயிருந்தார். பச்சைப் படம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பதறிப்போய்க் கேட்டேன்.

"பின்னுக்குக் காத்து நல்லா வருதுகா. போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

பிறகு வீட்டு உறுதிப் பத்திரமும் என் பேருக்கு வந்தது. ஆனால் மகள் என்று ஒருநாளும் என்னை அழைக்கவில்லை. ஆலையில் நெல் காயவைக்கிறவர்களும் அவருக்குப் புள்ளதான், நானும் புள்ளதான். கொடுத்து வைத்தவள் என்றார்கள் சிலர். அவருடைய சொந்தக்காரர்களோ, வீட்டுக்கு ஒரு காவல்காரி என்றார்கள். எதை நம்புவதென்று எனக்கு விளங்கவில்லை. படத்தை எனக்கென்றுதான் விட்டாரா, மறந்துவிட்டாரா? பின்வீட்டு வாசலால் அது நுழையாது என்பதும் உண்மை. நானும் அம்மா என்றுதான் அழைத்தேன், ஆனால் ஊரே அப்படித்தானே அழைத்தது. என் வாயிலிருந்து வந்த அம்மா வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸ் என்னிடம், "நீங்க மகளா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். மற்ற ஆள் முந்திச் சொல்லட்டும் என்று இரண்டு பேருமே இருந்துவிட்டோமோ என்னவோ. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா விரும்பியபடி மற்றப் படங்களெல்லாம் வந்தாறுமூலைக்குப் போய்விட்டன. இப்போது என் மகளுக்குக் கலியாணம். பின்வீட்டைக் கூட்டி வெள்ளையடித்தாயிற்று, என் சாமான்களும் போய்விட்டன. மிச்சம் இந்தப் படம்தான். கதிரையில் நின்றவளை மகள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனம்மா, இத எனக்கெண்டா விட்டுட்டுப் போறீங்க?"

ஓம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"பின்வீட்டு வாசலால போகாது மகள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.