களத்தில் கழற்றிய ஷூ

பந்து இடப்பக்கம் அகலமாக வந்தது. எட்டி ஓர் அடி வைத்தேன். யாரோ பின்னாலிருந்து குதிகாலில் கழியால் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். டென்னிஸ் கிளப்பின் செம்மண் தரையில் எனக்குப் பின்னால் ஒருவருமில்லை.

வலி பெரிதாக இல்லை. அதுதான் ஏமாற்றியது. நடக்கப் பார்த்தேன். இடது பாதம் தரையைத் தள்ள மறுத்தது.

"என்ன சர்வேயரே, எல்லைக்கல்லு மாதிரி நட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் வரதராஜன்.

அவர் வக்கீல். இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி. உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலங்களை அரசு அளந்து எடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பகலில் நான் அளக்கும் நிலத்துக்கு, நிலக்காரர்கள் சார்பில் தடை வாங்குவது அவர் தொழில். சாயங்காலம் இருவரும் வலைக்கு ஒரே பக்கம் நிற்போம். என் அப்பா பண்ணையாளாக இருந்தவர். எங்கள் தெருவிலிருந்து அந்தக் கிளப்புக்குள் மட்டையோடு நுழைந்த முதல் ஆள் நான். வந்தான், ஆடினான், காலை ஒடித்துக்கொண்டு போனான் என்று அங்கே என் கதை முடிந்துவிடக் கூடாது. காலைவிட இந்த நினைப்புதான் அதிகம் சுட்டது.

தஞ்சாவூர் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து ஆடுதசையைப் பிசைந்தார். வலப்பக்கம் பிசைந்தபோது பாதம் அசைந்தது. இடப்பக்கம் பிசைந்தபோது சும்மா தொங்கியது. குதிகால் நாண் (ஆடுதசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார்க்கட்டு) முழுதாக அறுந்திருந்தது.

"திரும்ப ஆடலாமா சார்?"

"தைக்கிறது என் வேலை. அவசரப்படாம இருக்கிறது ஒங்க வேலை. ரெண்டும் நடந்தா ஆடலாம்."

தைத்தார். பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது உள்ளேயிருந்து வந்தது என் கால் போலவே இல்லை. தசைநலிவு (வேலையில்லாத தசை மெலிந்து போவது) என்றார்கள். தோலை உரித்த கரும்பு மாதிரி வெளுத்து, இளைத்து, வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு கிடந்தது. இதே கட்டுடன் படுத்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தக் காலைப் பார்த்து அழ வேண்டாம். அது போனது அல்ல, வந்துகொண்டிருப்பது.

வரதராஜன் ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்.

"நீதிமன்றத்துக்குக் கோடை லீவு விடுறப்ப கிளப் போட்டி. ஒங்க எடத்துக்கு முன்சீப் வரேங்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுக்கும் ஸ்டே வாங்கிட்டேன்னு சொன்னேன். ஆனா கோடை வரைக்குந்தான் செல்லும், பாத்துக்குங்க."

கையில் பதினோரு மாதம் இருந்தது.

நான்காம் மாதம், குதிகாலுக்கு அடியில் தோல் திண்டு வைத்த கேன்வாஸ் ஷூவோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார் டாக்டர். போய்த் திரும்பி வந்தேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"வரப்புல நடந்து வளந்த ஆளா நீங்க?"

"ஆமா சார். இப்பவும் அதுதான் உத்தியோகம்."

"ஒரு காலுக்கு நேர் முன்னாடி இன்னொரு கால வைக்கிறீங்க. வரப்புக்கு அது சரி. டென்னிஸ்ல பக்கத்துல போற பந்த அப்படிப் போய் எடுத்தா, மொத்த பாரமும் ஒத்தக் காலுல முறுக்கிக்கிட்டு விழும். ரெண்டு காலையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக் குதிக்கக் கத்துக்கணும். ஸ்கிப்பிங் ஆடுங்க."

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இரண்டு கால்கள் இருப்பதை ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதுவரை இருந்தது ஒரே கோடு.

அவர் சொன்ன கணக்கு எளியது. கயிற்றின் நடுவை மிதித்தால் இரு முனையும் அக்குளுக்கு எட்ட வேண்டும். முன்பாதத்தில் குதிக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்க வேண்டும், ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. இருபது தாண்டல், ஓய்வு, மறுபடி இருபது. திண்டு வைத்த ஷூ இல்லாமல் ஒரு தாண்டல்கூடக் கூடாது.

ஐப்பசியில் குடவாசல் பக்கத்திலிருக்கும் என் மனைவி செல்வியின் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே அவர்கள் தெருவுக்கு உச்சவரம்பு நிலம் சொந்தமாக வந்து முதல் குறுவை. சொந்தமாகக் களமும் போட்டிருந்தார்கள். கெட்டித்து, சாணம் மெழுகி, நெல்லுக்காகக் காத்திருந்தது. மழையில் ஊரெல்லாம் சேறு. சமமான தரை அது ஒன்றுதான்.

"ஆடுங்க மாப்ள, நெல்லு வர இன்னும் ரெண்டு நாளு இருக்கு" என்றார் செல்வியின் அண்ணன் கோவிந்தசாமி. கயிற்றைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. "எங்க செல்வி பாவாடை கட்டுன வயசுல ஆடுனது. இப்ப ஒங்க முறையா?"

"ஒங்களுக்கும் ஒரு கயிறு வாங்கிட்டு வரவா மச்சான்?"

"எனக்கு மாட்டுக் கயிறு போதும் சாமி!"

களத்தின் ஓரத்துக்கு வந்தேன். குனிந்து ஷூவைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. நெல் விழும் இடத்தில் செருப்புக் காலோடு ஏறுகிறவர்கள் எங்களில் இல்லை. கை தானாக நாடாவை அவிழ்த்தது.

பதினேழாவது தாண்டலில் குதிகாலுக்கு மேல் சுரீரென்று தீ ஓடியது.

பகுதிக் கிழிவு (நாண் முழுதும் அறாமல் சில இழைகள் மட்டும் அறுவது). திரும்பவும் மாவுக்கட்டு.

"ஷூ எங்க போச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"கழட்டிட்டேன் சார்."

"ஏன்?"

"களம் சார்."

பட்டணத்தில் வளர்ந்த அவருக்கு விளங்கவில்லை. செல்விதான் சொன்னாள்: "நெல்லு கொட்டுற எடம் சார். அங்க யாரும் செருப்போட ஏற மாட்டோம். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், எனக்கும் தோணலை."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "தப்பு என்னுதுந்தான். எங்க ஆடுவீங்கன்னு நான் கேக்கவே இல்லை. செருப்போட நிக்கக்கூடிய எடமா பாத்து ஆடச் சொல்லுங்கம்மா" என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் மிக உபயோகமான பகுதி இதுதான். மருந்துச் சீட்டு நாம் நினைத்துச் செய்யும் காரியங்களுக்கு மட்டுமே பொருந்தும். நினைக்காமல் செய்யும் காரியங்கள் வேறு. உங்கள் கை எங்கெல்லாம் தானாகச் செருப்பைக் கழற்றுகிறது என்று எழுதி, மருத்துவரிடம் கொடுங்கள்.

மாசியில் மறுபடி தொடங்கினேன். வீட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானம், காலையில், புல் மேல். நாளாக ஆக, கயிறு காற்றை அறுக்கும் ஓசையே எனக்கு மூச்சாயிற்று. இருபது, நாற்பது, நூறு. நன்றாக ஆடுவதாகத்தான் நினைத்தேன். ஒரு நாள் செல்வி அடுப்படி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒங்க எடது காலு பின்தங்கி விழுது. டப்னு ஒரு சத்தம் வரணும். டடப்னு ரெண்டா வருது."

"அங்கேருந்து கேக்குதா?"

"தாளிக்கிறப்பகூடக் கேக்குது."

அன்றிலிருந்து அவள் காதுதான் எனக்கு அளவுச் சங்கிலி. இரண்டு சத்தம் ஒன்றாக ஐந்து வாரம் பிடித்தது. அதற்குப் பிறகே கால் மாற்றித் தாண்டுவது, பக்கவாட்டில் தாண்டுவது எல்லாம்.

கோடையில் போட்டி. எதிரே முன்சீப். என் கால் கதை கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது செட்டில் பந்தை வேண்டுமென்றே வலையோரம் மெதுவாகப் போட்டார். அவர் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் நான் ஓர் அங்குலம் எழும்பியிருந்தேன். இரண்டு பாதமும் அகன்று, ஒன்றாகத் தரையைத் தொட்டன. இடது பாதம் தள்ளியது. முழு உடம்பையும் தள்ளியது. பந்தை அவர் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன்.

ஆட்டத்தில் தோற்றோம். வரதராஜன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வருஷம் மொதல் சர்வீஸ் நீங்க போடுங்க. என் தோளு கெழடு தட்டிருச்சு" என்றார். என் இடத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இப்போதும் விடியலில் என் இடது கால் வலது காலைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் விழிக்கிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, நாண் மெல்ல இளகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு நிமிஷம், சில நாள் மூன்று. முன்பு இந்த நேரம் என் நாளில் இல்லவே இல்லை. எழுந்தால் ஓட்டம்தான். இப்போது ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு நிமிஷம் நீளம் கூடியதாக வருகிறது. அதில் நான் எங்கேயும் போவதில்லை. பிந்தி வருகிற காலுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறேன். அது வந்ததும் இருவரும் எழுந்துகொள்கிறோம்.