பாவம் என்ற ஒரே சொல்

என் மகளுக்குக் கிழக்குக் கரையில் இருக்கும் பல்கலைக்கழகம்தான் கிடைத்தது. எங்கள் கண்டியில், அம்பிட்டிய பஸ்ஸில் விஷயத்தைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"பாவம்! இங்க வாசல்லயே இவ்வளவு நல்ல கம்பஸ் இருக்க, புள்ளைய அவ்வளவு தூரத்துக்குப் போட்டுட்டாங்களே!"

அங்கே யார் படிப்பிக்கிறார்கள், படித்து முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மட்டும் கேட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை இப்படியா அளப்பது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்டுக் கேட்டு, மகளைக் கொண்டுபோய் விடுகிற நாளில் என் முகமும் தொங்கிப்போயிருந்தது.

அந்தக் கம்பஸுக்கு எதிரே இருந்த கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா, எந்த ஊர் என்று கேட்டார். கண்டி என்றேன்.

"கண்டியா? எங்கட மகனுக்கும் அங்கதான் கிடைச்சது. இந்தா, வாசல்லயே இவ்வளவு நல்ல கம்பஸ் இருக்கு. பாவம், பிள்ளைய அந்தக் குளிருக்குள்ள போட்டுட்டாங்க."

மகள் சிரித்துவிட்டாள். எனக்கோ சுர்ரென்று கோபம் வந்தது. எங்கள் கம்பஸையா பாவம் என்கிறார்?