விரதமிருந்த மீன்களும் அமலி அக்காவும்

"ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நமது கண்ணாடிக் கடைத் தொட்டியில் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவந்த திருவாளர் பச்சைப்பாசி அவர்கள், இன்று காலை கடைசி முடியும் பிடுங்கப்பட்டுக் காலமானார். அன்னாரின் இறுதி ஊர்வலம் வாளியில் நடைபெறும். மலர்வளையம் வேண்டாம். பொரி வேண்டவே வேண்டாம்."

இதைச் சாக்பீஸால் எழுதிக் கடை வாசலில் வைத்தவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் அமலி அக்காவிடம் இதை அப்படியே ஒப்பிக்க வேண்டும், சிரித்துச் சிரித்து இருமல் வந்தால் பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் திட்டம். பலகையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோதே எதிரே எஸ்டிடி பூத்திலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்கள். போனில் அக்காவின் கணவர் ஞானம் அண்ணன்.

"தம்பி, மாரியப்பன்ட்ட சொல்லிக் கடையச் சாத்திருப்பா. அக்கா போயிட்டா."

திரும்பி வந்து பலகையை உள்ளங்கையால் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் சரியாகப் போகவில்லை. 'காலமானார்' என்ற சொல் மட்டும் மிச்சம் நின்றது. அதைப் பார்த்துத்தான் நம் தெருவில் உங்களில் பல பேருக்குச் செய்தி தெரிந்தது.

நம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போட வேண்டுமென்றால் எல்லோரும் போவது அமலி அக்காவின் கண்ணாடிக் கடைக்கு. பிறந்த ஊர் தூத்துக்குடி. "கடல் இல்லாத ஊருக்கு வாக்கப்பட்டுட்டேன், அதான் ஒரு முழம் கடலை வெட்டி எடுத்துட்டு வந்துட்டேன்" என்பார், மல்லிகைப் பூ வாங்கிவந்ததைப் போல. வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி அவரே தொட்டி செய்தார். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகவிருந்த பவளக் கற்களை அவர் தம்பி கொடுத்தனுப்பினார். மீன் வண்டியில் கேன்களில் கடல் தண்ணீர் வந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். ஒரு கல்லின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் விரியும் பவள உயிர்கள். அவற்றுக்கு அக்கா வைத்த பெயரே 'பொத்தான்'.

எனக்கும் அவருக்கும் பழக்கமானது ஒரு வம்பில். கடையில் 'கண்ணாடி ஜாக்கிரதை' என்று எழுதியிருந்ததற்குக் கீழே 'மூஞ்சியும் ஜாக்கிரதை' என்று நான் சேர்த்து வைத்தேன். கையும் சாக்பீஸுமாகப் பிடித்துவிட்டார்.

"ஏலே, உன் மூஞ்சிய இதுல பாத்துட்டுத்தான் எழுதுனியா?"

கண்ணாடி வெட்டும் மாரியப்பன் அண்ணன் சிரித்த சிரிப்பில் அளவுகோல் கீழே விழுந்தது. திட்டுவார் என்று நின்றிருந்தேன். "எழுத்து நல்லாருக்குல. இனிமே போர்டெல்லாம் நீதான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையின் அரசவைக் கவிஞர் நான்.

இனி பாசி கதைக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் சம்பந்தப்பட்ட கதை. கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கைகள் நம் கைகள். படம் வாங்க வந்தவர்கள் தொட்டியைப் பார்த்ததும் கை தானாகவே பைக்குள் போனது. குளம் பெரிது, மீனும் பெரிது, தாங்கும். இங்கே இருப்பது ஒரு முழம் கடல். இரண்டு மீன் எம்புட்டுத் தின்னும்? மிச்சம் ஊறி, கல்லிடுக்கில் இறங்கி, அழுகி, உரமாகும். அந்த உரத்தைக் குடித்துப் பாசி வளரும். முதலில் மணல் மேல் பழுப்புத் தூளாக வந்தது. பிறகு பச்சை முடியாகக் கற்களில் முளைத்துப் பொத்தான்களை மூடியது. வெளிச்சம் கிடைக்காமல் அவை சுருங்கிக்கொண்டன. நான் பிளேடால் சுரண்டுவேன். அடுத்த வாரமே பழையபடி நிற்கும்.

"மேல முடி வெட்டுனா ஆச்சா? சோறு போடுறத நிறுத்தணும்ல" என்றார் அக்கா.

சோறு பல வழியில் வந்தது. ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றிவந்தோம். வயலுக்குப் போடும் யூரியாவில் கொஞ்சம் அதிலும் இறங்கியிருக்கும் என்று அக்காவுக்குச் சந்தேகம். ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் ஞானம் அண்ணன் ஷிப்ட் முடிந்து வரும்போது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி வந்தார். "எத்தன லாரி வச்சிருக்கிய?" என்று கடைக்காரர் கேட்டாராம். "ரெண்டு மீன் வச்சிருக்கேன்" என்றாராம் இவர். தண்ணீரை வடிகட்ட அதே ராஜபாளையத்தில் செய்யும் ஆஸ்பத்திரிப் பஞ்சு. அழுக்குப் பிடித்த பஞ்சை உள்ளேயே விட்டுவைத்தால் அதுவும் சோறுதான் என்று அக்கா அடிக்கடி மாற்றுவார். ஒருநாள் அந்தப் பஞ்சுச் சுருளைப் பார்த்துவிட்டு, "தொட்டிக்குப் பிரசவமாக்கா?" என்று கேட்டேன். "ஆமால, நீ தாய்மாமன். சீர் கொண்டா" என்றார்.

எல்லாவற்றையும் அடைத்தும் பொரியை மட்டும் அடைக்க முடியவில்லை. 'மீனுக்குப் பொரி போடாதீர்கள்' என்று பலகை வைத்தோம். "ஒரு பிடிதானம்மா, புண்ணியம்" என்று சொல்லி அதற்கு முன்னால் நின்றே போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பலகையைத் துடைத்துவிட்டு நான் வேறு எழுதினேன்: 'இம்மீன்கள் விரதத்தில் இருக்கின்றன.'

பைக்குள் போன கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஒரு அம்மா பயபக்தியோடு கேட்டார், "என்ன விரதம் தாயி, சஷ்டியா?"

அக்கா முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. "நம்ம வேதக்கார வீட்டு மீன்ல, அதான் தவக்காலம். வருசம் பூரா."

அந்த அம்மா தொட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போனார். மாரியப்பன் அண்ணன் பின்கட்டுக்கு ஓடிப்போய் சிரித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பொரி விழவில்லை. பாசி மெல்ல மெல்லப் பின்வாங்கியது. தமிழ்நாட்டிலேயே பாசியைச் சாக்பீஸால் விரட்டிய ஒரே ஆள் நான்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை.

மீன்களுக்கு அக்கா நாளுக்கு ஒரு சிட்டிகைதான் போடுவார். தின்று முடித்த மறு நிமிடமே அவை கண்ணாடியில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பாவம்க்கா, பசிக்குது" என்பேன்.

"அது பசி இல்லல, பழக்கம். பாசம் நமக்குத்தான். பாசம் கூடுனா பாசி கூடும்."

அந்த வரி எனக்கு வந்திருக்க வேண்டியது. எப்படித் தவறவிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு அக்கா படுத்துவிட்டார். கடை பல வாரம் பூட்டிக் கிடந்தது. ஞானம் அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் மீனுக்கு அள்ளிப் போட்டுவிட்டு ஓடினார். கடல் தண்ணீர் வரவில்லை, பஞ்சு மாறவில்லை. திறந்து பார்த்தபோது பாசி ஒரு ஜாண் வளர்ந்து பொத்தான் கல்லை முழுசாக மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை அவர் பார்க்கக்கூட இல்லை.

"பொத்தான் விரிஞ்சுச்சால?"

"இன்னும் இல்லக்கா. மொத்தத் தண்ணியையும் மாத்திப்புடவா?"

"மாத்திராத, மீனு மெரண்டுரும். கொஞ்சம் கொஞ்சமா மாத்து. பாசியக் கையால பிடுங்கு. பிடுங்குனத உள்ளயே மெதக்க விடாத, வெளிய எறி. அதுக்காகத் தொட்டியத் தொடச்சுத் தொடச்சுப் பட்டினி போட்டுறாத. பொத்தானுக்கும் கொஞ்சம் சாப்பாடு வேணும்ல." செத்த நேரம் மூச்சு வாங்கினார். "நான் வரும்போது அது விரிஞ்சிருக்கணும்."

நானும் மாரியப்பன் அண்ணனும் பிடுங்கினோம். மீன் வண்டிக்காரரைப் பிடித்து மறுபடி தண்ணீர் வரவழைத்தோம். அப்படியே நாட்கள் போயின. கடைசியில் ஒரு சாயங்காலம், கல்லின் ஓரத்தில் ஒரே ஒரு பொத்தான், நடுவில் பச்சையாக மினுங்கிக்கொண்டு விரிந்து நின்றது. பூத்துக்கு ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். மறுநாள் காலை கல் முழுக்க விரிந்திருந்தது. அந்தக் காலையில்தான் முதலில் சொன்ன இரங்கல் அறிவிப்பை எழுதினேன்.

அடக்கத்தன்று ஞானம் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ போன் பண்ணுனத அவட்ட சொன்னேன். 'ஒண்ணு விரிஞ்சிருச்சுல்ல, போதும். மத்ததெல்லாம் அதப் பாத்து விரிஞ்சுக்கிடும்'னா."

தொட்டி கடையிலேயே இருக்கும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கேன்கள் வருகின்றன, பஞ்சு மாறுகிறது. எனக்கென்று அக்கா விட்டுப்போனது அந்தப் பலகையும், பாசி பிடுங்கும் இடுக்கியும், நான் எழுதியிருக்க வேண்டிய அந்த ஒரு வரியும்.

முடிக்குமுன் ஒரு திருத்தம். திருவாளர் பச்சைப்பாசி காலமானதாக வந்த செய்தியை வாபஸ் வாங்குகிறேன். நேற்று மணலை ஒட்டிய மூலையில் நகக்கண் அளவுக்குப் பசுமையாக எழுந்தருளியிருக்கிறார். பொரி போட்டது யார் என்று தெரு முழுக்க விசாரித்தேன், உங்களில் சிலரிடம் குரலையும் உயர்த்தினேன். மன்னிக்கவும். மாரியப்பன் அண்ணன் என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே, "விரதத்த முறிச்ச ஆளு எனக்குத் தெரியும்ல" என்றார். கடையைத் திறந்ததும் இரண்டு மீன்களும் கண்ணாடிக்கு ஓடிவந்து, எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்க்கின்றன. ஒரு சிட்டிகை போட்டேன். இன்னொரு சிட்டிகையும் போட்டேன். பையில் இன்னும் கொஞ்சம் பொரி இருக்கிறது. யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.